மூன்று ஹைஸ்கூல், ஒரே கவுண்டி: வீட்டை எந்த ஊரில் வாங்குவது?

"அங்க எந்த ஸ்கூல் கண்ணு பஸ்ட்டு?" என்று அப்பா போனில் கேட்டார்.

அப்பா ராசிபுரத்துக்காரர். நாமக்கல் மாவட்டத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் டூ ரேங்குகளை அள்ளிக் கொண்டிருந்த காலத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். மே மாதம் ரிசல்ட் வந்ததும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் போட்டோ போட்ட பேனர்களாகத் தொங்கும். தமிழக அரசு 2017ல் ரேங்க் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அப்பா நிறுத்தவில்லை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தின் கிழக்குக் கரையில் உள்ள வூஸ்டர் கவுண்டி (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). பெரியவள் எட்டாம் வகுப்பை முடிக்கப் போகிறாள், வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீடு பார்க்கலாம் என்று போன வருடம் இறங்கினோம். இறங்கியதும்தான் புரிந்தது, இங்கே வீடு பார்ப்பதும் பள்ளி பார்ப்பதும் ஒரே வேலை. அரசுப் பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, நுழைவுத் தேர்வும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டு முகவரி எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்தப் பள்ளிதான். சிபாரிசுக் கடிதமெல்லாம் எடுபடாது. அதனால் இந்தக் கவுண்டியின் ஹைஸ்கூல்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பல மாதம் செலவழித்தேன். இதே போன்ற கிராமப்புறக் கவுண்டிகளுக்கு வேலை கிடைத்துப் போகிற நம்மவர்கள், முக்கியமாக டாக்டர்கள், நிறைய உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மேரிலாந்தில் அட்லாண்டிக் கடலைத் தொடும் கவுண்டி இது ஒன்றுதான். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 52,000. கடலோரத்தில் ஓஷன் சிட்டி, வரிசையாக அடுக்குமாடிகள், கோடையில் லட்சக்கணக்கில் கூட்டம். அங்கிருந்து இருபது நிமிடம் உள்ளே வந்தால் சோயா, சோளம், நீள நீளமான கோழிக் கொட்டகைகள். எனக்கு இங்கே வேலை கிடைத்ததே கோழியால்தான். பக்கத்து டெலவேரில், ஓஷன் வியூ என்ற ஊரில், 1923ல் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி 50 குஞ்சு கேட்டாராம், தவறுதலாக 500 வந்து இறங்கியதாம். திருப்பி அனுப்பாமல் வளர்த்துக் கறிக்கு விற்றார். டெலவேரும் மேரிலாந்தின் கிழக்குக் கரையும் சேர்ந்த இந்தத் தீபகற்பத்தின் பிராய்லர் தொழிலே அங்கிருந்து கிளம்பியது என்பார்கள். நாமக்கல்லில் முட்டை, இங்கே கறி. கால்நடை மருத்துவம் படித்த எனக்கு வாசனையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கவுண்டியில் பொதுவான ஹைஸ்கூல் மூன்று. வடக்கே பெர்லின் ஊரில் ஸ்டீபன் டெகேட்டர், நடுவில் ஸ்னோ ஹில், தெற்கே பொக்கமோக். இவை போக, நியூவார்க் என்ற சின்ன ஊரில் (நியூஜெர்சி நியூவார்க் இல்லை) வூஸ்டர் டெக்னிகல் என்ற தொழில்நுட்பப் பள்ளி. இந்த ஊர்கள் எல்லாமே 113ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காகக் கோத்து வைத்தது போல இருக்கின்றன. பெர்லினிலிருந்து பொக்கமோக்குக்குச் சுமார் 30 மைல். ஸ்னோ ஹில் கிட்டத்தட்ட நடுவில். ஹைஸ்கூல் என்றால் இங்கே 9 முதல் 12 வரை.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் எனக்குப் பாதி நாள் மிச்சமாகியிருக்கும். மேரிலாந்தில் பள்ளி நிர்வாகம் கவுண்டி அளவில் நடக்கிறது. 23 கவுண்டியும் பால்டிமோர் நகரமும் சேர்ந்து மாநிலத்துக்கே 24 பள்ளி மாவட்டங்கள்தான். பக்கத்துப் பென்சில்வேனியாவில் 500. அங்கே ஒரு ஊர் தாண்டினால் வேறு பள்ளி நிர்வாக வாரியம், வேறு வரி, வேறு சம்பளம். இங்கே மூன்று பள்ளிக்கும் ஒரே வாரியம். ஆசிரியர் சம்பள அட்டவணை ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, லீவு நாட்களும் ஒன்று. பள்ளி திறப்பது செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே முடிந்த பிறகு என்பதும் மூன்றுக்கும் பொது. ஓஷன் சிட்டி வியாபாரத்துக்காக வந்த வழக்கம் அது. மாநிலம் ஹைஸ்கூல் முடித்ததற்கான சான்றிதழுக்கு (டிப்ளமோ) கேட்கும் 75 மணி நேரச் சேவைப் பணியும் எல்லோருக்கும் உண்டு. ஆகவே "நல்ல வாரியம், மோசமான வாரியம்" என்று இங்கே பிரிக்க முடியாது. மிஞ்சுவது பள்ளியின் அளவு, சுற்றி இருக்கும் ஊர், நீங்கள் தினமும் ஓட்ட வேண்டிய தூரம். இந்த மூன்றுதான்.

வீட்டுத் தரகரிடம் "எந்தப் பள்ளி நல்லது?" என்று நேரடியாகக் கேட்டேன். சிரித்து மழுப்பினார். கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவில் வீட்டுவசதிப் பாகுபாட்டுச் சட்டம் இருப்பதால், பள்ளியின் பேரைச் சொல்லி ஒரு இனத்தாரை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டார் என்ற பழி வரக் கூடாதென்று தரகர்கள் வாயைத் திறப்பதில்லை. "நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் அவர்கள் சொல்லக்கூடிய அதிகபட்சம்.

சரி, இணையத்தில் பார்த்தேன். மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று அறிக்கை வெளியிடுகிறது. ஆங்கிலம், கணக்குத் தேர்வு, ஹைஸ்கூல் படிப்பை முடிக்கும் விகிதம், அடிக்கடி லீவு போடும் பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்றெல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு. பத்தில் ஒரு நாளோ அதற்கு மேலோ வராத பிள்ளை "நாள்பட்ட வருகைக் குறைவு" கணக்கில் சேரும். தனியார் தளங்கள் பத்துக்கு மதிப்பெண் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்து வைத்திருக்கின்றன. அப்பாவுக்கு அனுப்பினால் சந்தோஷப்படுவார்.

ஆனால் அந்த எண்களை ஒரு சின்னப் பள்ளிக்குப் போட்டுப் பாருங்கள். டெகேட்டரில் ஏறக்குறைய 1,400 பிள்ளைகள். ஸ்னோ ஹில்லும் பொக்கமோக்கும் நானூறைத் தொட்டும் தொடாமலும் இருப்பவை. அதாவது பன்னிரண்டாம் வகுப்பில் எண்பது, தொண்ணூறு பேர். எண்பது பேரில் ஒரு பிள்ளை படிப்பை விட்டால் விகிதம் 1.25 சதவீதம் இறங்கிவிடும். நான்கு பேர் போனால் ஐந்து சதவீதம். அடுத்த வருடம் அந்த நான்கு பேர் இல்லையென்றால் பள்ளி "முன்னேறிவிட்டது". வேறொன்றுமே மாறியிருக்காது. ஆய்வுக்கூடத்தில் பத்துக் கோழி மாதிரியை வைத்துப் பண்ணை முழுவதற்கும் தீர்ப்புச் சொன்னால் என் மேலதிகாரி என்னைச் சும்மா விடமாட்டார். இந்தத் தளங்களை யாரும் கேட்பதில்லை. சின்னப் பள்ளியின் ஒரு வருட எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நாலைந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள், அப்போதும் அதில் பாதிதான் பள்ளியைப் பற்றிச் சொல்லும், மீதிப் பாதி பெற்றோரின் வருமானத்தைச் சொல்லும்.

அப்புறம் கணினியை மூடிவிட்டு மூன்று ஊருக்கும் போனோம்.

ஸ்டீபன் டெகேட்டரில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நாமக்கல் ரத்தம் முதலில் அங்கேதான் இழுத்தது. பேர் ஒரு கடற்படை வீரருடையது. 1779ல் இந்தப் பக்கத்தில் பிறந்து, கடற்கொள்ளையரை எதிர்த்துப் பேர் வாங்கி, கடைசியில் 1820ல் சக அதிகாரி ஒருவரோடு துப்பாக்கி ஏந்தி ஒண்டிக்கு ஒண்டி நின்று செத்துப் போனவர். பள்ளி 50ஆம் எண் சாலையை ஒட்டி இருக்கிறது. ஓஷன் சிட்டி, ஓஷன் பைன்ஸ், பெர்லின் மூன்றுக்கும் இதுதான் ஹைஸ்கூல்.

பெரிய பள்ளியின் பலம் ஒரே வரியில் சொல்லக்கூடியது: ஒரு பாடம் நடக்க ஆள் சேர வேண்டும், அங்கே சேரும். ஒரு வகுப்புக்கு முந்நூற்றைம்பது பேர் இருந்தால் கடினமான இயற்பியல் எடுக்கப் பதினைந்து பேராவது தேறுவார்கள். எண்பது பேர் இருக்கும் இடத்தில் நாலு பேர் கை தூக்குவார்கள். நாலு பேருக்காக ஒரு ஆசிரியரை ஒதுக்க எந்தத் தலைமையாசிரியராலும் முடியாது. ஒன்று, வருடம் விட்டு வருடம் நடத்துவார்கள், இல்லையென்றால் ஆன்லைனில் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். கல்லூரி அளவிலான ஏபி பாடங்கள், இசைக்குழு, நாடகம், விவாதக் குழு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஐந்துக்கு மூன்றோ நாலோ எடுத்தால் பல கல்லூரிகள் ஏபி பாடத்துக்குக் கிரெடிட் தருகின்றன, அதனால் நம்மவர்கள் அதை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். நானும் எண்ணினேன்.

எண்ணிய பிறகு வந்த சந்தேகம் இது. பள்ளி வெளியிடும் பாடக் கையேட்டில் இருப்பது ஒன்று, இந்த வருடம் உண்மையிலேயே நடக்கும் பாடம் இன்னொன்று. எந்தப் பள்ளிக்குப் போனாலும் கையேட்டை மேசையில் வைத்து, "போன வருடம் இதில் எவையெல்லாம் நடந்தன?" என்று கேளுங்கள். மூன்று இடத்திலும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். கேட்கும் பெற்றோர்தான் குறைவு போலிருக்கிறது.

பெரிய பள்ளியின் மறுபக்கம் ஆட்டக் களத்தில் தெரியும். டெகேட்டர் மல்யுத்தத்துக்குப் பேர் போனது, அணிகளில் சேரத் தேர்வு உண்டு, தேறாதவர்கள் வீட்டுக்கு. என் பெரியவள் கூச்ச சுபாவம். கூட்டத்தில் பின்வரிசையில் நின்றுகொள்ளும் பிள்ளை. 1,400 பேரில் அவள் நாலு வருடம் யார் கண்ணிலும் படாமல் நல்ல மார்க்கோடு வெளியே வந்துவிடுவாள். அது எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் நானும் அப்படித்தான் வந்தேன்.

வீட்டு விலையும் ஒரு காரணம். வடக்குப் பக்கம் கடலுக்கு அருகில் என்பதால் ஓய்வு பெற்றவர்களும் இரண்டாவது வீடு வாங்குபவர்களும் போட்டிக்கு வருகிறார்கள். அதே பணத்துக்குத் தெற்கே தோட்டத்தோடு பெரிய வீடு கிடைக்கும். கோடைச் சனிக்கிழமைகளில் 50ஆம் சாலையில் மாட்டிக்கொண்டால் பால் வாங்கப் போய் வருவதற்கே மதியம் ஆகிவிடும். ஆனால் பதினாலு வயதுக்கு மேல் பிள்ளைகள் அனுமதிச் சீட்டு வாங்கிக் கோடையில் வேலை பார்க்கலாம். அந்த வேலைகள் எல்லாம் ஓஷன் சிட்டியில்தான், டெகேட்டர் பிள்ளைகளுக்கு அது கூப்பிடு தூரம். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். உருளைக்கிழங்கு பொரித்துக் கொடுத்து முதல் சம்பளம் வாங்கிய பிள்ளையின் பேச்சே மாறிவிடுகிறது.

பொக்கமோக் என் கணவருக்குப் பிடித்த ஊர். ஆற்றங்கரை, சைப்ரஸ் மரங்கள், நாலாயிரத்துச் சொச்சம் பேர். தெற்கே வர்ஜீனியா எல்லைக்கு அப்பால் நாசாவின் வாலப்ஸ் ஏவுதளம், காரில் அரை மணி நேரத்துக்குள். ராக்கெட் கிளம்பினால் வீட்டு முற்றத்தில் நின்றே பார்க்கலாம். என் கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மென்பொருள்காரர், அவருக்கு ராக்கெட் தெரிந்தால் போதும்.

பள்ளி சின்னது, விளையாட்டில் பெரியது. மாநிலத்தின் மிகச் சிறிய பள்ளிகளுக்கான 1ஏ பிரிவில் கூடைப்பந்திலும் ஹாக்கியிலும் பட்டங்களைக் குவித்த ஊர் இது. ஹாக்கி என்றால் நம்ம ஹாக்கிதான், ஐஸ் ஹாக்கி இல்லை. அமெரிக்காவில் இதைப் பள்ளிகளில் ஆடுவது பெண்பிள்ளைகள். பாவாடை கட்டிக்கொண்டு மட்டையோடு அவர்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, தியான்சந்த் நாட்டிலிருந்து வந்தவர் என்ற உரிமையில் என் கணவர் யாரோ ஒரு பெண்ணுக்கு ஆலோசனை சொல்லப் போனார். அந்தப் பிள்ளை மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு களத்தில் இறங்கி மூன்று கோல் போட்டது.

இந்த இடத்தில் நம்மவர்களோடு ஒரு வம்பைப் பேசியாக வேண்டும். வார இறுதிச் சாப்பாட்டு மேசைகளில் பொக்கமோக் பேரை எடுத்தாலே, "அந்தப் பக்கம் வேண்டாங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் "சும்மா, சேர்க்கை சரியில்லை". கவுண்டியின் தெற்கில் கறுப்பினக் குடும்பங்கள் கணிசம், வருமானம் வடக்கைவிடக் குறைவு. அந்தத் தாழ்ந்த குரலை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊரில் "அந்தத் தெரு" என்று சொல்லும்போது வரும் குரல் அது. தொழில்நுட்பப் பள்ளி இப்போது இருக்கும் நியூவார்க் ஊரில்தான் இனப்பிரிவினைக் காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பள்ளி இருந்தது. பிரித்துப் படிக்க வைப்பது சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954ல் சொன்ன பிறகும் இந்தக் கரையோரம் அவசரமில்லாமல்தான் மாறியது. பிள்ளையை அந்தப் பள்ளியில் சேர்க்காதவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எனக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆனால் அது என் வண்டியின் மைல் கணக்கு, அதை உரக்கவே சொல்ல முடிகிறது. என் வேலை சாலிஸ்பரியில், பக்கத்துக் கவுண்டி. பொக்கமோக்கிலிருந்து போக வர தினம் ஐம்பது மைலுக்கு மேல். பிரின்சஸ் ஆன் ஊரில் உள்ள பல்கலைக்கழகத்திலோ வாலப்ஸிலோ வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பொக்கமோக் பாருங்கள் என்பேன்.

ஸ்னோ ஹில் கவுண்டியின் தலைநகர். பேரைக் கேட்டுப் பனியையும் மலையையும் எதிர்பார்க்காதீர்கள், தட்டையான ஊர், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், ஒரு நீதிமன்றம், ஒரு ஆறு. நாலாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஒரே நடுநிலைப் பள்ளி, அதே பிள்ளைகள் அப்படியே ஹைஸ்கூலுக்கு. நாங்கள் போன அன்று பேசிய மாணவர் ஆலோசகர், வழியில் எதிரே வந்த ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவனிடம் "உன் அண்ணன் படகு சரியாயிடுச்சா?" என்று கேட்டார். பெரியவள் அதைக் கவனித்தாள். நான் அவளைக் கவனித்தேன்.

சின்னப் பள்ளியில் அணிக்கு ஆள் போதாது. அதனால் தேர்வு கிடையாது, கெஞ்சல்தான். நாடகத்தில் மரமாக நிற்கவாவது வா என்பார்கள். ஒளிய இடமில்லை. சில பிள்ளைகளுக்கு இது மூச்சு முட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தியோடு சண்டை போட்டால் பன்னிரண்டு வரை அவளைத் தினமும் பார்த்தாக வேண்டும், மாற்றிக்கொள்ள வேறு கூட்டம் இல்லை. ஆசிரியர் விஷயமும் அப்படித்தான். பெரிய பள்ளியில் வேதியியல் ஆசிரியர் பிடிக்கவில்லையென்றால் இன்னொருவர் இருப்பார். இங்கே அவர் ஒருவர்தான் வேதியியல்.

அந்த ஒருவர் போய்விட்டால்? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. இதற்குப் பின்னால் பணக் கதை இருக்கிறது. மாநில உதவி கவுண்டியின் செல்வத்தைப் பார்த்துத் தரப்படுகிறது. ஓஷன் சிட்டியின் கடற்கரை அடுக்குமாடிகள் காகிதத்தில் வூஸ்டரைப் பணக்காரக் கவுண்டியாக்கி விடுகின்றன. அதனால் மாநிலத்திலிருந்து வருவது கொஞ்சம், பெரும்பாரம் கவுண்டியின் தலையில். கவுண்டி வருமான வரியோ 2.25 சதவீதம், மேரிலாந்திலேயே குறைவு. பக்கத்து விக்கோமிகோவில் 3.20. எங்களைப் போன்றவர்கள் இந்தப் பக்கம் வீடு பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம், மறைப்பானேன். ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் பள்ளி வாரியத்துக்கும் கவுண்டி ஆணையர்களுக்கும் பட்ஜெட் இழுபறி. 2023ல் ஆணையர்கள் சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், 2021ல் நடைமுறைக்கு வந்த மாநிலத்தின் புதிய கல்விச் சட்டம், ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் 2026 ஜூலைக்குள் 60,000 டாலருக்கு வர வேண்டும் என்கிறது. பணம் இறுகும்போது பெரிய பள்ளி ஒரு ஆசிரியரை இழந்தால் வகுப்பில் பிள்ளைகள் கூடுவார்கள். சின்னப் பள்ளியில் ஒரு பாடமே போய்விடும். ஸ்னோ ஹில்லையோ பொக்கமோக்கையோ தேர்ந்தெடுப்பவர்கள் பட்ஜெட் கூட்டத்துக்கும் போகத் தயாராக இருக்க வேண்டும். நான் இந்த வருடம் போனேன், மூன்று மணி நேரம், பின்வரிசை.

இந்தப் பயத்தைப் பாதியாகக் குறைத்தவை இரண்டு. ஒன்று, வூஸ்டர் டெக்னிகல். மூன்று ஹைஸ்கூல் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்து நாளில் ஒரு பகுதியை இங்கே கழிக்கிறார்கள், மீதிப் பகுதி அவரவர் பள்ளியில். வெல்டிங், மோட்டார் மெக்கானிக், சமையல் கலை, அழகுக்கலை இருப்பது போலவே உயிர்மருத்துவமும் பொறியியலும் இருக்கின்றன. தொழில்நுட்பப் பள்ளி என்றதும் ஐடிஐ என்று நினைத்து நானும் முதலில் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தப்பு. நீங்கள் எந்த ஊரில் வீடு வாங்கினாலும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது, எந்தத் தரவரிசைத் தளமும் இதை மூன்று பள்ளிகளின் கணக்கில் சேர்த்துக் காட்டுவதில்லை.

இரண்டாவது, கல்லூரி. சாலிஸ்பரியில் வோர்-விக் என்ற சமுதாயக் கல்லூரி இருக்கிறது. வூஸ்டர், விக்கோமிகோ இரண்டு பேரின் முதல் எழுத்துகளையும் ஒட்ட வைத்த பேர். புதிய சட்டப்படி, கல்லூரிக்குத் தயார் என்ற தகுதியை எட்டிய ஹைஸ்கூல் பிள்ளை அங்கே பாடம் எடுத்தால் கல்விக் கட்டணம் இல்லை. என் பெரியவள் அல்ஜீப்ரா ஒன்றை ஏழாம் வகுப்பிலேயே முடித்துவிட்டாள். அந்த வரிசையில் போனால் பதினொன்றில் கால்குலஸ் முடிந்துவிடும், பன்னிரண்டில் சின்னப் பள்ளியில் கணக்குத் தீர்ந்து போகும். அப்போது கல்லூரிக்குப் போக வேண்டும். கட்டணம் இல்லைதான், ஆனால் யார் கொண்டு விடுவது? கிராமப்புறத்தில் எல்லாக் கேள்வியும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். நம்ம ஊர் மாதிரி அடிக்கடி டவுன் பஸ் கிடையாது. ஸ்னோ ஹில்லிலிருந்து சாலிஸ்பரி பதினெட்டு மைல் சொச்சம், நான் தினமும் வேலைக்குப் போகும் வழி. முடிவை எழுதியது அந்தப் பதினெட்டு மைல்தான். நான் பெர்லின் மருத்துவமனையில் வேலை பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை டெகேட்டரில் முடிந்திருக்கும்.

கல்லூரிச் சேர்க்கைக் கவலைக்கு ஒரு வார்த்தை. "சின்னப் பள்ளியில் ஏபி குறைவு, நல்ல யுனிவர்சிட்டி கிடைக்காது" என்று பயமுறுத்துவார்கள். விண்ணப்பத்தோடு பள்ளி தன்னைப் பற்றிய விவரத் தாளையும் அனுப்புகிறது, என்னென்ன பாடங்கள் கிடைக்கின்றன என்பது அதில் இருக்கும். கிடைத்ததில் பிள்ளை எவ்வளவு எடுத்தாள் என்று பார்ப்பதுதான் அங்கே வழக்கம். நடத்தாத பாடத்தை எடுக்கவில்லையே என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பொறியியலில் மிகப் போட்டியான இடங்களைக் குறிவைக்கும், தன்னைத் தானே முன்னே தள்ளிக்கொள்ளும் பிள்ளை என்றால் டெகேட்டருக்கே போங்கள், வீட்டைச் சின்னதாக வாங்குங்கள். அந்தப் பிள்ளைக்குப் போட்டி வேண்டும், ஸ்னோ ஹில்லில் அதை வரவழைக்க முடியாது.

தமிழ் என்று பார்த்தால் மூன்று ஊரும் ஒன்றுதான். தமிழ்ப் பள்ளிக்கும் கோயிலுக்கும் செசபீக் பாலத்தைத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். வகுப்பில் நம்ம நிறத்தில் ஒருத்தி இருப்பாள், அது உங்கள் பெண்ணாகவே இருக்கும்.

ஸ்னோ ஹில்லில் வீடு வாங்கிக் குடிபுகுந்து ஆறு மாதம் ஆகிறது. முன்பக்கம் ஒரு பெரிய மேப்பிள், பின்பக்கம் சோயா வயல். ஆகஸ்ட்டில், பள்ளி திறக்கும் முன்பே, ஹாக்கி அணிக்கு ஆள் குறைகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து பெரியவளைக் கூட்டிக்கொண்டு போனாள். மட்டை பிடிக்கத் தெரியாது என்று இவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பொக்கமோக்கோடு ஆடிய ஆட்டத்தில் படுதோல்வி. அன்று வண்டியில் வரும்போது நிறுத்தாமல் பேசினாள்.

சின்னவன் ஐந்தாம் வகுப்பு. அவனுக்கு வேறு பள்ளி சரிப்பட்டு வருமோ என்று இப்போதே கணவரும் நானும் வாதம் செய்ய ஆரம்பித்துவிட்டோம். ஒரு நாள் அவனையும் கூட்டிக்கொண்டு வூஸ்டர் டெக்னிகலுக்குப் போய் வந்தேன். கண்ணாடித் தலைக்கவசம் போட்டுப் பொறி பறக்க இரும்பை ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்தவன் அங்கிருந்து நகரவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் தான் வெல்டிங் படிக்கப் போவதாக அறிவித்துவிட்டான். ராசிபுரத்துக்கு இன்னும் சொல்லவில்லை.